வாரம் அரைக் கிலோ

அவர் இனிப்பைத் தொடுவதில்லை என்பது எங்கள் கம்பெனியில் எல்லாருக்கும் தெரியும். அதை ஒருவரும் நம்பவில்லை என்பதும் எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டுத்துணி செய்கிற கம்பெனிகள் நிறைய. அதில் ஒன்றில் நான் ஒன்பது வருடம் செக்கிங் பகுதியில் இருந்தேன். அவர் எங்களுக்கு சூப்பர்வைசர். பெண்கள் எல்லாரும் அண்ணாச்சி என்று கூப்பிடுவோம். முதலாளியும் அப்படித்தான் கூப்பிடுவார். முதலாளிக்கு அவரைவிட வயது அதிகம்.

ஓர் அங்குலத் துணியில் எத்தனை இழை ஓடுகிறது என்று எண்ணுவது அவர் வேலை. சட்டைப் பையில் மடக்கு லென்ஸ் ஒன்று எப்போதும் இருக்கும். துணியை விரித்து, லென்ஸை வைத்து, ஊசி முனையால் இழை இழையாகத் தள்ளி எண்ணுவார். ஒருமுறை கப்பலுக்குப் போக வேண்டிய சரக்கை நிறுத்திவிட்டார். முதலாளியே ஹாலுக்கு வந்துவிட்டார்.

“அண்ணாச்சி, ஒரு இழைதானே குறையுது.”

“ஆமா. ஒரு இழை.”

அவர் மறுபடி லென்ஸில் குனிந்துகொண்டார். முதலாளி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். சரக்கும் போகவில்லை.

சாப்பாட்டிலும் அவர் அப்படித்தான். டீக்கடை கிளாஸில் அளந்த சோறு, அதற்கு இரண்டு பங்கு காய். சர்க்கரை போடாத டீயைக்கூட முதல் வாய் குடித்ததும் நாக்கிலேயே வைத்திருந்து யோசித்துவிட்டுத்தான் விழுங்குவார். யாருக்காவது பிறந்தநாள் என்று கேக் வந்தால் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். தீபாவளிக்குக் கம்பெனி கொடுக்கும் ஸ்வீட் பாக்ஸை வாங்கிய இடத்திலேயே, எல்லார் முன்னாலும், வாட்ச்மேன் கையில் கொடுத்துவிடுவார்.

அப்படிக் கொடுத்ததுதான் அவருக்கு வினையாகப் போனது. “ஊரு பாக்கக் குடுக்காரு, வீட்டுல போயித் திங்காரு” என்று பேக்கிங்கில் இருந்த முத்துலட்சுமி சொன்னாள். அது எங்களுக்கு நியாயமாகப் பட்டது. ஒரு மனுசன் இவ்வளவு சுத்தமாக இருந்தால் எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறான் என்றுதானே தோன்றும்.

இந்தப் பேச்சுக்குக் காரணம் அவருடைய கால்.

செக்கிங் ஹாலுக்குள் செருப்புப் போடக் கூடாது. வெள்ளைத் துணி மேசையிலிருந்து தரை வரை தொங்கும். ஒருநாள் காலை டீக்குப் பிறகு தரையில் சிவப்பாக ஒரு புள்ளி கிடந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அப்புறம் ஒரு துணியின் ஓரத்தில் ஒன்று. அண்ணாச்சி மெஷினை நிறுத்தச் சொன்னார்.

“யாரு காலுல அடி?”

எங்களை வரிசையாக நிற்கவைத்தார். ஒவ்வொருத்தியும் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கிக் காட்டினோம், பிறகு மறுகாலை. லென்ஸ் வைத்துப் பார்க்காததுதான் குறை. ஒருத்தி காலிலும் காயம் இல்லை. அவர் ஹாலின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து தேடினார். தேடிய இடமெல்லாம் புதிதாகப் புள்ளி விழுந்துகொண்டே வந்தது.

முத்துலட்சுமிதான் சொன்னாள். “அண்ணாச்சி, உங்க காலைப் பாருங்க.”

அட்டைப்பெட்டிக்கு அடிக்கிற பின் ஒன்று அவர் இடது பாதத்தில் முழுதாக இறங்கியிருந்தது. அவர் உட்கார்ந்து, காலை மடக்கிப் போட்டு, அதை வெகுநேரம் பார்த்தார். “இது எப்பக் குத்துச்சு?” என்று எங்களைக் கேட்டார். எங்களுக்கு எப்படித் தெரியும். பின்னைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கறை பட்ட துணியைத் கழித்த துணிக் கட்டோடு சேர்த்தார். அதற்கான சீட்டில் காரணம் எழுத வேண்டும். ‘ரத்தக் கறை. சூப்பர்வைசர்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவருக்குச் சர்க்கரை வியாதி வந்து அப்போது பதினேழு வருடம் ஆகியிருந்தது. கம்பெனியில் நடந்த முகாமில் கண்டுபிடித்தார்கள். மறுவாரமே ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த தன் தம்பியையும் இழுத்துக்கொண்டு போய் ரத்தம் பார்க்கவைத்தார். தம்பிக்கும் இருந்தது. ஒரே மாதத்தில் இரண்டு பேருக்கும் தெரிந்தது. அன்றிலிருந்து அண்ணன் வாயைக் கட்டினார். தம்பி மாத்திரையைப் போட்டுக்கொண்டு பரோட்டா சாப்பிட்டான்.

தம்பி காலில் முள் குத்தினால் தெரு முழுக்கக் கேட்கும். அண்ணனுக்குப் பின் குத்தினால் முத்துலட்சுமி சொல்ல வேண்டியிருந்தது. சர்க்கரை முற்றினால்தான் கால் மரத்துப்போகும் என்பது ஊர்க் கணக்கு. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? திங்கிறவன் தம்பி என்று நினைக்கவில்லை. அண்ணன் தம்பியைவிட அதிகமாகத் திங்கிறான், தெரியாமல் திங்கிறான் என்று நினைத்தார்கள்.

உள்ளூர் டாக்டரும் அதைத்தான் நினைத்தார். “வெளியில என்ன சாப்பிடுறீங்க? மறைக்காமச் சொல்லுங்க” என்றாராம். அண்ணாச்சி மூன்று மாதச் சராசரி பார்க்கிற ரத்தப் பரிசோதனைத் தாளை மேசையில் வைத்திருக்கிறார். அது நன்றாகவே இருந்தது. “டெஸ்டுக்கு முன்னால பத்து நாள் கட்டுப்பாடா இருந்திருப்பீங்க” என்றாராம் டாக்டர். “இது மூணு மாசக் கணக்குன்னு நீங்கதான சொன்னீங்க” என்று இவர் கேட்டிருக்கிறார். டாக்டர் மணியடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

வீட்டில் மதினி. அண்ணாச்சியின் மனைவியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். மதியம் சாப்பாடு கொண்டுவந்து கேட்டில் கொடுப்பார்கள். அவர் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் வாயை ஊதச் சொல்லி மோந்து பார்ப்பார்கள். சட்டையைத் துவைக்கும் முன் பைகளில் எறும்பு இருக்கிறதா என்று உதறுவார்கள். ஒருநாள் இருந்தது. சர்க்கரை திடீரென்று இறங்கினால் வாயில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் கொடுத்த மிட்டாய் அது. இரண்டு வருடமாகப் பிரிக்காமலே சட்டைக்குச் சட்டை மாற்றி வைத்திருந்தார், அன்று பைக்குள்ளேயே உருகி ஒட்டியிருந்தது.

“மிட்டாய் இருக்குல்லா. பொறவு என்ன?” என்றார்கள் மதினி. பிரிக்கவே இல்லையே என்று அவர் சொன்னது எடுபடவில்லை.

அவருக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. தான் சொன்னது உண்மை என்று யாராவது ஒருவர் ஒத்துக்கொள்ள வேண்டும். கால்கூட இரண்டாம்பட்சம். ஒரு இழைக்காகக் கப்பலை நிறுத்திய மனுசனை ஊரே பொய்யன் என்று நினைத்தது. அவருக்கு அது காலைவிட வலித்தது என்று நினைக்கிறேன். கால் வலிக்கவே இல்லை என்பது வேறு.

இந்த லட்சணத்தில்தான் நான் என் பங்கைச் செய்தேன்.

என் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். தினமும் டவுன் பஸ்ஸில்தான் வேலைக்கு வருவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து ஆண்டாள் கோயில் பக்கமாக நடந்துவந்தேன். பால்கோவாக் கடை ஒன்றில் அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். அரைக் கிலோ கேட்டார். கடைக்காரர் நிறுத்ததை நம்பாமல் தராசு முள்ளைக் குனிந்து பார்த்தார். டப்பாவை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். திருட்டு முழியே இல்லை. அதுதான் எனக்குக் கூடுதல் சந்தேகத்தைக் கொடுத்தது.

அடுத்த வாரமும் பார்த்தேன். அதே கடை, அதே அரைக் கிலோ.

செவ்வாய்க்கிழமை மதினி சாப்பாடு கொண்டுவந்தபோது சொல்லிவிட்டேன். அவர் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்று அப்போது நினைத்தேன். அது பொய். இத்தனை பேர் சந்தேகப்பட்டதைக் கண்ணால் பார்த்தவள் நான்தான் என்கிற பெருமை. வேறொன்றும் இல்லை.

மதினி சத்தம் போடவில்லை. “நீ சர்ச்சுக்குப் போற பிள்ள எஸ்தரு, நீ பொய் சொல்ல மாட்ட” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தூக்குவாளியோடு போய்விட்டார்கள். அன்று சாயங்காலம் அவரைத் தெருமுனை அம்மன் கோயிலுக்கு அழைத்துப் போய்ச் சூடத்தைப் பொருத்திக் கையில் கொடுத்திருக்கிறார்கள். நடந்ததை அப்புறம் மதினியே என்னிடம் சொன்னார்கள்.

“சத்தியம் பண்ணுங்க.”

“என்னன்னு?”

“பால்கோவா வாங்கலன்னு.”

“வாங்குனேன்.”

“திங்கலன்னு பண்ணுங்க.”

“திங்கல.”

“வாங்குனது எங்க போச்சு?”

அவர் எரிகிற சூடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மதினி சூடத்தை ஊதி அணைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து நாற்பது நாள் அவரோடு பேசவில்லை. சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வார்கள், மகள் அப்பாவிடம் சொல்வாள். ஒரே ஒரு மகள். கல்லூரி முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். மூன்று பேரும் ஒரே அறையில் இருக்கும்போதே இது நடக்கும்.

கம்பெனியிலும் பரவிவிட்டது. அண்ணாச்சி லென்ஸை வைத்து இழை எண்ணும்போது பின்னாலிருந்து யாராவது மெதுவாக “அரைக் கிலோ” என்பார்கள். அவர் திரும்பிப் பார்க்காமல், எண்ணினதை விட்டுவிட்டு முதலிலிருந்து எண்ணுவார். நான் சொன்னதுதான் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் துணியில் இருந்த குறையை மட்டும் வழக்கம்போல் கண்டுபிடித்துக் கொடுத்தார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அடுத்து வந்த ஞாயிறு, கடையிலிருந்து அவர் கிளம்பியதும் பின்னாலேயே போனேன். அவர் தம்பி வீட்டுக்குள் நுழைந்தார். வீட்டு முன்பக்கம் தம்பியின் ஜெராக்ஸ் கடை. நானும் அங்கே ஜெராக்ஸ் எடுக்கப் போவது உண்டு. கதவு திறந்துதான் இருந்தது.

தம்பி நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மடியில் பால்கோவா டப்பா, கையில் ஸ்பூன். அண்ணாச்சி தரையில் சம்மணம் போட்டு, தம்பியின் காலைத் தன் மடியில் வைத்திருந்தார். அவர் விரல் நடுவில் ஒற்றை இழை. எங்கள் கம்பெனித் துணியிலிருந்து உருவியது. அதன் நுனியால் தம்பியின் பாதத்தைத் தொட்டுக்கொண்டிருந்தார்.

“எங்க?”

“சுண்டுவிரலு.”

“இப்ப?”

“குதிகாலு. அண்ணே, கூசுது, விடுங்க.”

“தொடவே இல்ல இப்ப. ஒழுங்காச் சொல்லு.”

தம்பி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டான். “வா எஸ்தரு. அண்ணன் வாராவாரம் வந்து எனக்குச் செக்கிங் பண்ணுது. நான் பாஸு” என்றான். ஸ்பூனை நக்கினான்.

நான் அண்ணாச்சியிடம்தான் கேட்டேன். “இதை மதினிகிட்டச் சொல்றதுக்கென்ன?”

“என்னன்னு சொல்ல? சக்கரை உள்ள தம்பிக்கு நான்தான் பால்கோவா வாங்கி ஊட்டுதேன்னா?”

“பின்ன ஏன் வாங்கித் தாரீக?”

“நான் தரலேன்னா அவனே ஒரு கிலோ வாங்கித் திங்கான். நான் கொண்டாரதத் தவிர வேற தொட மாட்டேன்னு பேச்சு.” கொஞ்ச நேரம் இழையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். “அது மட்டும் இல்ல. ஒரே வயித்துல பொறந்தவன். எனக்கு மரத்துப்போன காலு இவனுக்கு மட்டும் ஏன் மரக்கலன்னு பாக்கேன். இவனுக்கும் ஒருநாள் மரத்துட்டா, அப்ப எல்லாருக்கும் இப்பிடித்தான்னு ஆயிரும்லா. அப்பிடி ஒரு நெனப்பும் உண்டு. இல்லேன்னு எதுக்குச் சொல்லணும்.”

தம்பி சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. தம்பி நன்றாக இருக்க வேண்டும் என்று அளந்து கொடுக்கிறார், நன்றாக இருக்கிறானே என்று வெம்புகிறார். இரண்டையும் ஒரே டப்பாவில் வாங்கிக்கொண்டு வருகிறார்.

அந்த வருடக் கடைசியில் அவர் இடது காலில் கட்டை விரலுக்கு அடுத்த விரல் கறுத்துப்போனது. செருப்புக்குள் கல் கிடந்து புண்ணாகியிருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை. மதுரைக்குப் போகச் சொன்னார்கள். மதினி வரவில்லை. “ஆஸ்பத்திரியிலயும் இவிய பொய்யத்தான் சொல்லப்போறாக. நான் கேக்க வரல” என்றார்கள். கோபம் பாதி, பயம் பாதி. செங்கோட்டை ரயிலில் தம்பியும் நானும்தான் அவரோடு போனோம். நான் பட்ட கடனுக்கு அதையாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது.

விரலை எடுத்தார்கள். கட்டுப் போட்ட மறுநாள் போய்ப் பார்த்தேன். லென்ஸ் வைத்துத் தன் காலில் இருந்த கட்டுத்துணியை எண்ணிக்கொண்டிருந்தார். “நம்ம சரக்கு இல்ல. ரெண்டு இழை கம்மி” என்றார்.

அங்கே இருந்த டாக்டரம்மாவுக்கு வயது முப்பது இருந்தால் அதிகம். ஏதோ ஆராய்ச்சிக்காகக் குடும்பக் கதை கேட்டு, ஒரு தாளில் ஆணுக்குக் கட்டமும் பெண்ணுக்கு வட்டமுமாகப் போட்டுக்கொண்டே வந்தார். அப்பா? காலில் ஆறாத புண்ணோடு போனார், செருப்புக் கடி என்று சொன்னார்கள். அப்பாவோடு பிறந்தவர்கள்? தேவதானத்தில் ஓர் அத்தை, இரண்டு கால்விரல் கிடையாது. மாட்டுவண்டி ஏறிப் போயிற்று என்று தம்பி சொன்னான்.

“மாட்டுவண்டி இல்ல டாக்டர்” என்றார் அண்ணாச்சி. “அவங்க வீட்டுல மாடே கிடையாது. சக்கரைதான். பொம்பளப் பிள்ளைகளக் கட்டிக்குடுக்கணும்னு வண்டியச் சொன்னாங்க.”

டாக்டரம்மா அந்த வட்டத்துக்குள் கறுப்பாகத் தீட்டினார். பிறகு நிதானமாகச் சொன்னார். சர்க்கரை கூடினால் நரம்பு கெடும், அது நிஜம். ஆனால் ஒரே அளவு சர்க்கரை, ஒரே அளவு வருடம் இருந்தாலும் எல்லாருக்கும் ஒன்றுபோலக் கெடுவதில்லை. சிலருடைய நரம்பு சீக்கிரம் விட்டுக்கொடுக்கிறது. அதில் ஒரு பங்கு பிறப்பிலேயே வருவதாக இருக்கலாம். எந்த மரபணு, எவ்வளவு பங்கு என்பதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இன்னாருக்கு வரும் என்று சொல்லும் டெஸ்ட் இன்னும் கையில் இல்லை. அண்ணன் தம்பியே ஆனாலும் அப்பா அம்மாவிடமிருந்து ஒரே சீட்டு வருவதில்லை.

“அப்ப நான் வாயக் கட்டுனது வீணா?”

“வீணில்லை சார். கட்டலைன்னா இந்த விரல் பத்து வருசம் முன்னாடியே போயிருக்கும்.” தம்பி பக்கம் திரும்பினார். “நீங்க சிரிக்காதீங்க. காலுக்கு வராதது கண்ணுக்கு வரலாம். நாளைக்கே போய்க் கண்ணைக் காட்டுங்க.”

தம்பி அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பயந்து பார்த்தேன். அரைக் கிலோ அத்தோடு நின்றது.

இரண்டு பேரிடமும் ஆராய்ச்சிக்கு ரத்தம் எடுத்துக்கொண்டார்கள். அண்ணாச்சி எழுந்திருக்கவில்லை. ‘இவர் இனிப்பு சாப்பிடுவதில்லை’ என்று எழுதி முத்திரை போட்டுத் தரச் சொன்னார்.

“நான் கூடவே இருந்து பாக்கலையே சார், எப்படி எழுத?”

அது அவருக்கு நியாயமாகப் பட்டது. அவரும் எண்ணாத துணிக்குக் கையெழுத்துப் போட மாட்டார். கடைசியில் டாக்டரம்மா, இவருக்குச் சர்க்கரை நல்ல கட்டுப்பாட்டில் இருக்கிறது, கால் நரம்புப் பாதிப்பில் பரம்பரைக்கும் பங்கு இருக்கலாம் என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தார். அதை வாங்கும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். விரல் போன மனுசனின் முகமாக அது இல்லை.

தம்பி நேராக ராஜபாளையம் வந்து மதினியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். “தின்னது நான் மதினி. அண்ணன் ஒரு ஸ்பூனு தொடல.” மதினி தாளை இரண்டு தடவை படித்தார்கள். பிறகு அடுப்படிக்குள் போய்விட்டார்கள். நான் உள்ளே போய்ப் பார்த்தபோது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நாப்பது நாளு பேசாம இருந்தேனே ஏட்டி. முன்னாடியே வாயத் திறந்தா என்ன இந்த மனுசன்” என்றார்கள். அன்று சோற்றைக் கிளாஸில் அளக்காமல் வைத்தார்கள். அவர் அளந்துவிட்டுத்தான் சாப்பிட்டார்.

அந்தத் தாளை லேமினேட் செய்து கூடத்தில் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டினார். மூன்று வாரம் அது தொங்கியது. வருகிறவர்கள் படிக்கிற உயரத்தில் ஆணி அடித்திருந்தார். அவரை நான் பார்த்த வருடங்களில் சந்தோசமாக இருந்தது அந்த மூன்று வாரம்தான். முத்துலட்சுமியைக்கூட வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்க் காட்டினார். “சரிதான் அண்ணாச்சி” என்றாள் அவள். அவருக்கு அது போதுமாக இருந்தது.

நாலாவது வாரம் மகள் அதைப் படித்தாள். அதற்கு முன்பும் படித்திருப்பாள். அன்றைக்குத்தான் கேட்டாள்.

“பரம்பரைன்னு போட்டிருக்கேப்பா. அப்ப எனக்கும் வருமா?”

அவர் எழுந்து தாளைக் கழற்றிவிட்டார். ஆணி மட்டும் இருந்தது. மறுநாள் லீவு போட்டு மகளை மதுரைக்கு அழைத்துப் போய் அதே டாக்டரம்மாவிடம் காட்டினார். அவளுக்கு அப்போது ஒன்றும் இல்லை. வருடம் ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும், காலைக் கவனிக்க வேண்டும், வரும் என்றும் கிடையாது வராது என்றும் கிடையாது என்று சொல்லி அனுப்பினார்கள். மகளிடம் அவர் எதையும் மறைக்கவில்லை. அந்த அத்தைக்கு வண்டி ஏறவில்லை என்பதையும் ரயிலிலேயே சொல்லிவிட்டாராம். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை இழை மகளின் காலுக்கு வந்தது.

மாப்பிள்ளை வீட்டார் கான்சாபுரத்திலிருந்து மகளைப் பெண் பார்க்க வந்தபோது காப்பி கொடுக்க ஆள் வேண்டும் என்று மதினி என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அதற்கு முந்தின நாள் கம்பெனியில் அண்ணாச்சி என் மேசைக்கு வந்து ரொம்ப நேரம் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “பால்கோவா இப்பவும் அதே மாதிரிதான் இருக்கா?” என்றார்.

“எந்த மாதிரி?”

“வாயில வச்சா மணல் மணலா. நான் தின்னு வருசம் பதினெட்டு ஆச்சு. இப்ப ஏலக்காய் கீலக்காய் போடுதாகளா?”

“இல்ல அண்ணாச்சி. வெறும் பாலும் சீனியும்தான்.”

தலையாட்டிக்கொண்டார். வந்தவர்களுக்கு வாங்கி வைப்பதற்காகக் கேட்கிறார் என்று நினைத்தேன். வாங்கியும் வைத்திருந்தார்.

ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். எல்லாருக்கும் பெண்ணைப் பிடித்துவிட்டது. தட்டில் பால்கோவா வந்ததும் அண்ணாச்சி வழக்கம்போல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். மாப்பிள்ளையின் தாய்மாமன் அவர் காலில் சுற்றியிருந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு ஓய்ந்த நேரத்தில் கேட்டார்.

“காலுல என்ன?”

“சுகரு. ஒரு விரலு எடுத்தாச்சு.”

“உங்க அப்பாவுக்கும் காலுல புண்ணு இருந்துச்சுன்னு கேள்விப்பட்டோம். பரம்பரையா வருதோ?”

மதினி அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கதவுக்குப் பின்னால் மகள் இருந்தாள். சுவரில் அந்த ஆணி இன்னும் இருந்தது.

“பரம்பரையெல்லாம் இல்லீங்க” என்றார் அண்ணாச்சி. துணியின் கணக்குச் சொல்கிற அதே குரல். “அப்பாவுக்குச் செருப்புக் கடி. எனக்கு வாய்க்கட்டு கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. வாரம் அரைக் கிலோ. ஞாயித்துக்கிழமை போயி வாங்கி, வீட்டுக்குத் தெரியாமத் திம்பேன். ஏலக்காய் போட மாட்டாக, வெறும் பாலும் சீனியும். அந்த மணல் வாயில பட்டா விட மனசு வராது.”

தாய்மாமன் முழுதாக நம்பவில்லை என்று தோன்றியது. அண்ணாச்சி என் பக்கம் கையைக் காட்டினார்.

“இந்தப் பிள்ளகிட்டக் கேளுங்க. ஸ்ரீவில்லிபுத்தூருதான். நான் கடையில வாங்குனத தன் கண்ணால பாத்திருக்கு. சர்ச்சுக்குப் போற பிள்ள, பொய் சொல்லாது.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். “வாங்குனதப் பாத்தேன்” என்றேன். அது உண்மை. மதினியிடம் நான் சொன்னதும் இதே உண்மைதான்.

தாய்மாமன் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். “வயசான காலத்துல நாக்கை அடக்கணும் சம்பந்தி” என்றார். அவர் சம்பந்தி என்று சொன்னதும் காரியம் முடிந்தது. எல்லாரும் சிரித்தார்கள். அண்ணாச்சியும் தலையைக் குனிந்து, பிடிபட்டவர் சிரிக்கிற மாதிரி சிரித்தார். அதையும் பழகிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பார். கிளம்பும்போது மாப்பிள்ளையின் அம்மா அவர் பக்கத்தில் இருந்த தட்டை எடுத்துத் தூர வைத்துவிட்டுப் போனார்கள்.

அந்தப் பையனிடம் நிச்சயத்துக்கு முன்பே மகள் எல்லாவற்றையும் போனில் சொல்லிவிட்டாள். “எங்க வீட்டுலயும் சுகருதான்” என்றானாம். அதெல்லாம் பிறகு தெரிந்தது. ஊருக்குத் தெரிந்தது, அண்ணாச்சி தன் வாயாலேயே ஒத்துக்கொண்டார் என்பதுதான். மறுநாள் நான் கம்பெனிக்குப் போகும் முன்பே முத்துலட்சுமிக்குத் தெரிந்திருந்தது. “நான் அப்பவே சொன்னேன்ல” என்றாள். தாளைக் காட்டினாரே என்று நான் வாயெடுத்தேன். அண்ணாச்சி லென்ஸிலிருந்து தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தார். நான் குனிந்து என் துணியைப் பார்த்தேன். அவர் ஓய்வு பெறும் வரைக்கும் அந்தப் பேர் அப்படியே இருந்தது.

பெண் பார்க்க வந்தவர்கள் அன்று வண்டி ஏறியதும் கூடத்தில் நாங்கள் மூன்று பேர் மட்டும் இருந்தோம். மதினி தூர இருந்த தட்டை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தார்கள். ஒரு துண்டு மிச்சம் இருந்தது.

“இத்தன வருசம் திங்காம, தின்னேன்னு ஊரு முன்னால சொல்லியாச்சு. பேரு வந்தது வந்ததுதான்” என்றார்கள். “ஒரு வாயாவது தின்னுங்க. நான் ஒண்ணும் சொல்லல.”

அவர் தட்டைப் பார்த்தார். கைகள் பின்னால்தான் இருந்தன.

“வேண்டாம்” என்றார். “நாளைக்குக் காலைல பிளட் டெஸ்டு இருக்கு.”